புதுப்பிப்பு: கட்டண மென்பொருளை விட்ட பிறகு

மென்பொருள் சந்தா கட்டி மாளவில்லை, பாலக்கோட்டிலுள்ள என் டி.டி.பி. கடையைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

மனு, பில் எல்லாம் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் முதல் நாளே ஓடின. தடுமாற வைத்தது கல்யாணப் பத்திரிகைதான். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த குங்குமச் சிவப்பு, ஆப்செட் அச்சில் செங்கல் நிறமாக வந்து நின்றது, மனமே உடைந்துபோனது. இங்க்ஸ்கேப் திரைக்குரிய சிவப்பு-பச்சை-நீலம் என்ற மூவண்ணக் கணக்கில் வேலை செய்வது. அதனால் இப்போது படத்தை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய், அச்சுக்குரிய நான்கு மை வண்ணங்களுக்கு மாற்றி, அங்கிருந்தே பி.டி.எஃப். எடுக்கிறேன். நேற்று அச்சாகி வந்த அரூர்க் கல்யாணப் பத்திரிகையில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது!

பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றுவதுதான் மிச்சம். அதில் ‘ஸ்ரீ’ சரியாக மாறாததால், அது வரும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.