கனடா கார்பன் வரி: ரீபேட் கூடுதலா, செலவு கூடுதலா?

மேப்பிள்: எரிபொருள் மீதான கார்பன் வரி 2024இல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 80 டாலர். வசூலானதில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே ரீபேட்டாகத் திரும்பியது. "பெரும்பாலானோருக்குக் கட்டியதைவிடத் திரும்ப வருவதே அதிகம்" என்றது அரசு. "வரியை வெட்டு" என்றார் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பொய்லியேவ். ஒன்ராறியோ மாகாணத்தில் நால்வர் குடும்பத்துக்கு எது சரி?

கணக்கன்: போட்டுப் பாருங்கள். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 17.6 சென்ட், இயற்கை எரிவாயுவுக்குக் கன மீட்டருக்கு 15.25 சென்ட். ஆண்டுக்கு 2,000 லிட்டர், 2,200 கன மீட்டர் என்றால் 352 + 335 = 687 டாலர். ரீபேட் காலாண்டுக்கு 280, ஆண்டுக்கு 1,120. இரண்டு பெரிய வண்டியும் பழைய பெரிய வீடும் இருந்தால் மட்டும் கணக்கு திரும்பும்.

சில்லறை: 13% எச்எஸ்டியை (விற்பனை வரியை) விட்டுவிட்டீர்கள். அது கார்பன் கட்டணத்தின் மேலும் விழும்; 687 என்பது 776 ஆகும். பொருள் விலைவழி வரும் மறைமுகச் செலவு தனி.

கணக்கன்: சரிதான். ஆனாலும் மிச்சம் 340க்கு மேல். "நஷ்டம்" என்று எல்லோரும் காட்டிய நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரியின் பொருளாதாரத் தாக்கக் கணக்கில் தொழிற்சாலைக் கட்டணமும் தவறாகச் சேர்ந்திருந்தது. 2024இல் அவர்களே ஒப்புக்கொண்டு திருத்தினார்கள்.

பனிமலை: இந்த வரி கணக்கில் தோற்கவில்லை, கையாண்ட விதத்தில் தோற்றது. வரி ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் உறைக்கும். ரீபேட் சத்தமில்லாமல் வங்கிக்குப் போகும். 2023 அக்டோபரில் ஹீட்டிங் ஆயிலுக்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு கொடுத்தது அதைவிட மோசம். பலன் பெரும்பாலும் அட்லாண்டிக் மாகாணங்களுக்கு. வீடுகளைச் சூடாக்க எரிவாயு எரிக்கும் சஸ்காச்சுவான் மாகாணம் அதற்கான வரி வசூலையே நிறுத்தியது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கட்டணம் பூஜ்ஜியம். பெரிய ஆலைகளுக்கான கட்டணம் மட்டும் தொடர்ந்தது.