சி.பி.ஆர். பயிற்சியின் பயனை எதைக் கொண்டு அளப்பது? அவசர மருத்துவ ஆய்வேடு குறித்து ஆலோசனை தேவை

கேள்வி: எம்.டி. முதலாண்டு மாணவி, மதுரை

ஆசிரியர்களுக்கும் மூத்த மருத்துவர்களுக்கும் வணக்கம். நான் அவசர மருத்துவத்தில் எம்.டி. படித்துவருகிறேன். ஆய்வேட்டுத் தலைப்பை நெறிமுறைக் குழுவிடம் அளிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. உடன் படிப்பவர்கள் பூச்சிமருந்து நஞ்சு, தலைக்காயம், செப்சிஸ் என்று நோய் சார்ந்த தலைப்புகளை எடுத்துள்ளனர். எனக்குக் கற்பித்தல் சார்ந்த ஆய்வில்தான் மனம் செல்கிறது.

காரணம் இதுதான். பயிற்சி மருத்துவர்களின் 52 வாரப் பயிற்சிக் காலத்தில் அவசரப் பிரிவுக்கு ஒதுக்கப்படுவது 2 வாரம் மட்டுமே. அதற்குள் ஒரு பிற்பகல் அவர்களுக்கு சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்க முயலும் முறை) வகுப்பு நடத்துகிறோம். அதன் பின் அவர்கள் பிரசவ வார்டுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்றுவிடுகிறார்கள். அங்கே ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் நெஞ்சில் முதலில் கை வைக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. அந்த நேரத்தில் எங்கள் வகுப்பு அவர்களுக்குக் கைகொடுக்கிறதா என்பதை அறிய விரும்புகிறேன்.

வகுப்புக்கு முன்பும் பின்பும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து மதிப்பெண்களை ஒப்பிட்டால் போதும் என்று துறையில் சிலர் கூறுகிறார்கள். அது போதுமா? போதாதென்றால் எதை, எப்போது அளக்க வேண்டும்? நோயாளிகள் பங்கேற்காத ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழு எளிதில் ஒப்புதல் தந்துவிடுமா?

மறுமொழி 1: அவசர மருத்துவப் பேராசிரியர், கோயம்புத்தூர்

இந்தத் தலைப்பைக் கைவிடாதீர்கள். இந்தியாவில் அவசர மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டதே 2009-ஆம் ஆண்டில்தான். அதன் பின் துறைகள் வேகமாகப் பெருகிய அளவுக்கு, நாம் எப்படிக் கற்பிக்கிறோம், அது நிற்கிறதா என்ற ஆராய்ச்சி பெருகவில்லை.

ஆனால் வகுப்புக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் என்ற அமைப்பை நான் ஏற்கமாட்டேன். சற்று முன் சொல்லிக்கொடுத்ததையே உடனே கேட்டால் மதிப்பெண் உயரத்தான் செய்யும். யாருக்கும் ஐயமில்லாத ஒன்றை நிறுவ மூன்றாண்டுப் படிப்பின் ஒரே ஆய்வை ஏன் செலவிட வேண்டும்? மருத்துவக் கல்வி அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாக வகுத்தார்: அறிந்திருத்தல், எப்படிச் செய்வது என அறிந்திருத்தல், செய்துகாட்டுதல், பணியிடத்தில் உண்மையாகவே செய்தல். வினாத்தாள் முதல் இரண்டு படிகளைத் தாண்டாது. நீங்கள் கவலைப்படுவதோ நான்காவது படியைப் பற்றி. அதை நேரடியாக அளப்பது கடினம். மூன்றாவது படியை மட்டும் பழுதின்றி அளந்தாலே நல்ல ஆய்வேடாகும்.

அதற்கான அளவுகோல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்பும் நெஞ்சு முழுமையாக மேலெழ விடுதல், இடைநிறுத்தங்களைக் குறைத்தல் ஆகியவற்றை உணரி பொருத்திய பயிற்சிப் பொம்மை பதிவுசெய்துவிடும். வேகமும் ஆழமும் ஒருசேரச் சரியாக இருந்த அழுத்தங்கள் எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் முதன்மை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து முடிவுகளை அறிவித்து, எதில் வேறுபாடு வருகிறதோ அதை மேலே தூக்கிப் பிடிக்கும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் மிகுதி. அது ஆய்வே அன்று.

காலத்தைப் பொறுத்தவரை, வகுப்பு முடிந்த அன்றைய அளவீட்டைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள். சி.பி.ஆர். திறன் 3 முதல் 6 மாதங்களிலேயே தேயத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது; ஆனால் அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகிறது. இந்த இடைவெளியை எண்ணித்தான் அச்சங்கம் தனது 2020 வழிகாட்டுதல்களில், நீண்ட இடைவெளிகளில் ஒரே மூச்சாகப் பயிற்றுவிப்பதோடு நில்லாமல் சிறு மறுபயிற்சிகளையும் பரிந்துரைத்தது. ஆகவே உங்கள் கேள்வியை இப்படி வையுங்கள்: மொத்தக் கற்பித்தல் நேரம் சமமாக இருக்கும்போது, அதை ஒரே பிற்பகலில் கொடுப்பதா, சிறு சிறு அமர்வுகளாகப் பிரித்துக் கொடுப்பதா, எது 6 மாதங்களுக்குப் பின்னும் நிற்கிறது?

நடைமுறையில் ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சிக் காலத்தின் முதற்பாதியில் உங்கள் பிரிவுக்கு வருகிறவர்களை மட்டுமே 6 மாதம் கழித்து மறுபடி அழைக்க முடியும். பிற்பாதியில் வருகிறவர்கள் அதற்குள் கல்லூரியை விட்டே போயிருப்பார்கள். மேலும், ஒரே விடுதியில் தங்கும் இருவரை இரு குழுக்களில் போட்டால் ஒருவர் கற்றது இரவே மற்றவரைச் சென்றடையும். தனிநபர்களாகப் பிரிக்காமல் அணி அணியாகப் பிரித்து, அதற்கேற்ற கணக்கீட்டுக்குப் புள்ளியியலாளரை இப்போதே அணுகுங்கள். தரவு சேர்ந்த பின் அவரிடம் போவதில் பயனில்லை.

மறுமொழி 2: பயிற்சிச் செவிலியர், அரசு மருத்துவமனை, திருச்சி

மேடம், வணக்கம். அவசரப் பிரிவில் உயிருக்குப் போராடும் நோயாளிகளைக் கவனிக்கும் சிவப்பு மண்டலத்தில் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பொம்மையின் முன் ஒருவர் தனியாகச் செய்வது வேறு, நோயாளியைச் சுற்றிப் பலர் நிற்கும்போது செய்வது வேறு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் மாற வேண்டும் என்று யாரும் சொல்லாததால், களைத்துப்போனவரே தொடர்ந்து அழுத்திக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை இயக்குவதும், அட்ரினலின் கொடுத்த நேரத்தைக் குறிப்பதும் பெரும்பாலும் செவிலியர்கள்தாம். எங்களை விட்டுவிட்டு மருத்துவர்களுக்கு மட்டும் பயிற்சி அளித்தால் அந்தப் பயிற்சி பாதியிலேயே நின்றுவிடும். இயன்றால் சில அமர்வுகளையாவது வார்டிலேயே, பணியில் இருக்கும் செவிலியர்களையும் சேர்த்து நடத்துங்கள். கூட்டம் குறைவாக உள்ள நேரத்தைப் பொறுப்புச் செவிலியரிடம் கேட்டால் அவரே குறித்துத் தருவார்.

மறுமொழி 3: மருத்துவக் கல்வி ஆய்வாளர், சென்னை

பேராசிரியர் சார் கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நேரத்தைச் சமமாக வைக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. திறன் சார்ந்த பயிற்சியில் நேரத்தை நிலையாக வைத்தால் தேர்ச்சி ஆளுக்கு ஆள் மாறும். தேர்ச்சியை நிலையாக வைத்து நேரத்தை மாறவிடுவதே முறை என்பது என் கருத்து. சிகாகோவில் ஒரு போதனா மருத்துவமனையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. மையச் சிரைக் குழாய் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) பொருத்துவதற்கு, வரையறுத்த தேர்ச்சியை எட்டும்வரை முதுநிலை மாணவர்களைப் பொம்மையில் பயில வைத்த பிறகே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அப்பிரிவில் குழாய் வழித் தொற்று 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) 3.2 என்பதிலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. கற்பித்தலின் பயன் நோயாளி வரை சென்று சேர்ந்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் அரிது.

உங்கள் ஆய்வில் உயிர் பிழைத்தோர் விழுக்காட்டை முடிவாக வைக்காதீர்கள். இதயம் நின்றதன் காரணம், நோயாளியின் வயது, எத்தனை நிமிடம் கழித்து எவர் கண்டார் என்பதெல்லாம் அதில் கலந்துவிடும். ஓர் ஆய்வேட்டின் மாதிரி அளவு அதைத் தாங்காது.

மீண்டும் மாணவி

மூவருக்கும் நன்றி. எல்லோரையும் முதலில் ஒரே தேர்ச்சி அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பின் பாதி அணிகளுக்கு மட்டும் மாதம் ஒருமுறை 10 நிமிட மறுபயிற்சி அளித்து, 6 மாதத்தில் அனைவரையும் அளந்தால் இரு கருத்துகளும் பொருந்திவருமா? செவிலியர்களுடன் கூடிய அமர்வுகளை இரு குழுக்களுக்கும் பொதுவாக வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: அவசர மருத்துவப் பேராசிரியர், கோயம்புத்தூர்

பொருந்தும். நான் சொன்ன அமைப்பைவிட இதுவே தெளிவானது. மறுபயிற்சிக் குழுவுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்தான். அந்த நேரத்தையும் பதிவுசெய்து ஆய்வேட்டில் வெளிப்படையாகத் தெரிவித்துவிடுங்கள். 6 மாத அளவீட்டைக் காணொளியாகவும் எடுத்து, யார் எந்தக் குழு என்று அறியாத ஒருவரைக் கொண்டு மதிப்பிடுங்கள். முகம் தெரியாமல் கைகளும் பொம்மையும் மட்டும் காட்சியில் இருந்தால் போதும். அளவீடு முடிந்த அன்றே மற்றக் குழுவுக்கும் மறுபயிற்சியைக் கொடுத்துவிடுங்கள்.

நெறிமுறைக் குழு எளிதில் விட்டுவிடும் என்று எண்ணாதீர்கள், விடவும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், அதிகாரப் படிநிலையில் கீழே இருக்கும் மாணவர்களையும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களாகவே கருதுகின்றன. உங்கள் பயிற்சி மருத்துவர் மறுக்க நினைத்தாலும், தன் பதிவேட்டில் கையெழுத்திடும் துறையினரிடம் மறுப்பாரா? ஆகவே ஒப்புதல் படிவத்தை நீங்களோ உங்கள் வழிகாட்டியோ வாங்காமல், வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் வாங்கட்டும். வகுப்பு எல்லோருக்கும் உண்டு, தரவைத் தருவது மட்டுமே அவரவர் விருப்பம் என்பதைப் படிவத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தனிநபர் மதிப்பெண்களைப் பயிற்சிக் காலம் முடியும்வரை துறைத் தலைவரும் பார்க்க இயலாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.