கழிப்பறை இல்லாத இடத்தில் நான்கு நாள் முகாம்: எடுத்துச் செல்லும் கழிப்பறை போதுமா?

கேள்வி: கூடாரவாசி

வணக்கம். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழு அடுத்த மாதம் ஏரியை ஒட்டிய ஒரு காட்டுப் பகுதியில் நான்கு நாட்கள் தங்கவிருக்கிறது. முகாமிடும் இடம் வரை வண்டி போகும். ஆனால் கழிப்பறையோ குழாய்த் தண்ணீரோ அங்கே கிடையாது. கடைசி இரவு மட்டும் ஐந்து பேர் மேலே ஏறி, மரம் செடி இல்லாத பாறைப் பகுதியில் தங்கிவிட்டு மறுநாள் இறங்குவோம். கீழே தங்குபவர்களில் எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் ஒருவர். முழங்கால் வலியால் அவரால் குந்தி உட்கார முடியாது.

சென்ற ஆண்டு இதே போன்ற ஓரிடத்தில் அவரவர் குழி தோண்டி, காலைக்கடன் முடித்து, மூடிவிட்டு வந்தோம். சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, புறப்படும் நாளன்று முகாமுக்குப் பின்னால் எங்களுக்கு முன்பு வந்தவர்கள் புதைத்ததை ஏதோ விலங்கு கிளறிப் போட்டிருப்பதைக் கண்டோம். டிஷ்யூ தாள்கள் புதர்களில் சிக்கிக் கிடந்தன. நாங்கள் புதைத்தவையும் அடுத்து வருபவர்களுக்கு அப்படித்தான் காட்சி தரும் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. ஆகவே இம்முறை போர்ட்டபிள் டாய்லெட் என்று விற்கப்படும் பெட்டிக் கழிப்பறை ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறோம். இருபது லிட்டர் கழிவுத் தொட்டி எட்டுப் பேருக்குப் போதுமா? நாற்றத்தை எப்படிச் சமாளிப்பது? மேலே பாறைப் பகுதிக்குப் போகும் ஐவர் என்ன செய்ய வேண்டும்? பயன்படுத்தியவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பாதைநடை

எதை வாங்குவது என்பதிலிருந்து தொடங்காமல், கடைசியில் எங்கே கொட்டப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். திரும்பும் வழியில் கழிவுத் தொட்டியைக் காலி செய்வதற்கென்றே அமைக்கப்பட்ட இடம் இருந்தால் பெட்டிக் கழிப்பறை மிகவும் வசதியானது. உட்கார்ந்து எழுவதற்கு நாற்காலி போலவே இருப்பதால் உங்கள் தாயாருக்கும் ஏற்றது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால், நிறைந்த தொட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் விழிக்க நேரும். பலர் இந்தக் கட்டத்தில்தான் தவறு செய்கிறார்கள். நான்கு நாட்கள் ஒழுங்காகச் சேர்த்து வைத்ததை ஐந்தாம் நாள் சாலையோர மழைநீர் வடிகாலில் கொட்டுவதைவிட, முதல் நாளே குழி தோண்டிப் புதைத்திருப்பது எவ்வளவோ மேல்.

இனித் தொட்டியின் அளவு. ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலம் சராசரியாக 150 கிராம் அளவுதான். சிறுநீரோ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை வரும். அதோடு தொட்டியைக் கழுவிவிடும் தண்ணீரையும் சேர்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் என்றால் இருபது லிட்டர் தொட்டி முதல் நாள் இரவே நிறைந்துவிடும். சிறுநீரை வெளியே முடித்துக்கொண்டு, மலம் கழிக்க மட்டும் பெட்டியைப் பயன்படுத்தினால் ஆளுக்கு ஒரு லிட்டருக்குள் அடங்கும். அப்போதும் அதே தொட்டி இரண்டரை நாளுக்கு மேல் தாங்காது. நிறைந்த தொட்டியின் எடை இருபது கிலோவைத் தாண்டும் என்பதால், அதைத் தூக்கப்போவது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி: ஓடக்காரர்

நாங்கள் ஆற்றில் பல நாள் பயணம் செய்பவர்கள். கரையில் எதையும் புதைக்கக் கூடாது என்ற விதி உள்ள ஆறுகளில் மலத்தை ஓடத்திலேயே சுமந்து வந்து பழகியிருக்கிறோம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஓடும் கொலராடோ ஆற்றில் இது நெடுங்காலமாக உள்ள விதி. முற்காலத்தில் அங்கே பழைய இராணுவத் தோட்டாப் பெட்டிகளையே கழிப்பறையாக்கிக்கொண்டார்கள். உட்காரும் பலகை இல்லாததால் பெட்டியின் விளிம்பு தொடையில் இரண்டு கோடுகளைப் பதித்துவிடும்; அதனால் அந்தப் பெட்டிக்கு 'குரூவர்' என்று, அதாவது பள்ளம் பதிப்பது என்று, பெயர் வந்தது. இப்போது பலகை வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

நாற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலமும் சிறுநீரும் கலக்கும்போது, பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண்ணை எரிக்கும் அந்த நெடியின் மூலம் பெரும்பாலும் அதுதான். ஆகவே இரண்டையும் பிரித்து வைப்பது எந்த வாசனைத் திரவத்தையும்விட நன்றாக வேலை செய்யும். வாளிக் கழிப்பறை என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி மரத்தூளைத் தூவுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈயும் மொய்க்காது.

ஒரு சிறு எச்சரிக்கை. மூடிய தொட்டிக்குள் கழிவு நொதித்து வாயு சேரும். தொட்டியை வெயிலில் வைத்தாலும், மலைச் சாலையில் மேலே கொண்டுபோனாலும் உள்ளிருக்கும் அழுத்தம் இன்னும் கூடும். கழிவுத் தொட்டியின் அடைப்பானைத் திறப்பதற்கு முன், கழிப்பறையின் மேல்மூடியை மூடிவைத்துக்கொண்டு, அடைப்பானை மிக மெதுவாகச் சிறிதளவு மட்டும் இழுத்துக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். இதைச் செய்ய மறந்த ஒரு காலையை எங்கள் குழுவில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

மறுமொழி: முகடு

மேலே போகும் ஐவருக்கான பதிலை மட்டும் எழுதுகிறேன். பாறைப் பகுதியில் குழி தோண்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். புதைத்த மலம் மக்குவதற்கு நுண்ணுயிர்கள் நிறைந்த கருமண்ணும், ஈரமும், வெப்பமும் வேண்டும். உயரமான பாறை நிலத்தில் இவை எதுவும் போதிய அளவில் இருப்பதில்லை. மண் உள்ள இடத்திலும் நாம் நம்புவது போல் விரைவில் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. ராக்கி மலைத்தொடரில் நடத்தப்பட்டு 1982இல் வெளியான ஓர் ஆய்வில், மலத்தோடு புதைக்கப்பட்ட சால்மோனெல்லா போன்ற கிருமிகள் குளிர்காலத்தைத் தாண்டியும் உயிரோடு இருந்தன. குழியின் ஆழத்தைக் கூட்டியதாலும் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை.

பனிமலைகளிலும் இதே கதைதான். அலாஸ்காவிலுள்ள தெனாலி மலையில் ஏறுபவர்கள் நெடுநாள் மலத்தைப் பனியாற்றின் ஆழமான வெடிப்புகளில் போட்டுவந்தார்கள். பனி அரைத்துவிடும் என்பது நம்பிக்கை. பனியாறு நகர நகர, உள்ளே போனது அப்படியே கீழ்ப்பகுதியில் வெளிவரும் என்று ஆய்வாளர்கள் காட்டிய பிறகு விதிகள் இறுகின. இன்று அங்கே திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் கலத்தை முதுகில் சுமந்துதான் ஏற வேண்டும். எவரெஸ்ட் பகுதியின் உள்ளூர் நிர்வாகமும் மலப்பைகளை 2024இல் கட்டாயமாக்கியது.

உங்களுக்கு வேண்டியதும் அந்தப் பைதான். உட்பையில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் தூள் இருக்கும். குழந்தைகளின் டயப்பரில் நீரை உறிஞ்சிப் பிடித்துவைப்பதும் இதே பொருள்தான். அது ஈரத்தைக் கூழாக்கிவிடும்; எளிதில் கிழியாத வெளிப்பை அதை மூடிக்கொள்ளும். ஆளுக்கு இரண்டு பைகள், அவசரத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் போட்டு முதுகுப்பைக்கு வெளியே கட்ட இறுக்கமான மூடியுள்ள ஒரு டப்பா ஆகியவை போதும். இறங்கிய பிறகு, உங்கள் பகுதி விதிகள் அனுமதித்தால், பைகளைக் குப்பையோடு சேர்க்கலாம். குழிக் கழிப்பறை எதிலும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அதை உறிஞ்சிக் காலி செய்யும் குழாய்களைப் பிளாஸ்டிக் அடைத்துவிடும்.

கேள்வி கேட்டவர்: கூடாரவாசி

மூவருக்கும் நன்றி. திரும்பும் வழியிலுள்ள ஒரு முகாம் வளாகத்தைத் தொடர்புகொண்டு கேட்டேன். அங்கே கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் இடம் இருக்கிறதாம். ஆனால் அது செப்டிக் டாங்கோடு இணைக்கப்பட்டது என்றும், நாற்றத்தை அடக்கும் நீல நிற மருந்து ஊற்றிய தொட்டியை ஏற்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். இதன் காரணம் எனக்குப் புரியவில்லை. அடுத்த ஐயம்: எங்களில் பெரும்பாலோர் தாளைப் பயன்படுத்தாமல் தண்ணீரால் கழுவிக்கொள்பவர்கள். பெட்டிக்கும் பைக்கும் அது ஒத்துவருமா?

மறுமொழி: பாதைநடை

அவர்கள் சொன்னது சரியே. செப்டிக் டாங்க் என்பது உயிருள்ள அமைப்பு. கழிவைச் செரிக்கும் வேலையை அதிலிருக்கும் பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. பழைய வகை நீல மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு போன்ற கிருமிக்கொல்லிகள் உண்டு. நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கொன்று நாற்றத்தை நிறுத்துவது அவற்றின் வழி. அதே மருந்து செப்டிக் டாங்கில் விழும்போது அங்குள்ளவற்றையும் கொன்றுவிடும். இது எனக்கு அனுபவத்தில் தெரிந்தது. முதல் பயணத்தில், புட்டியில் எழுதியிருந்ததைவிட இரண்டு மடங்கு மருந்தை ஊற்றி, தெரிந்தவர் ஒருவரின் பண்ணை வீட்டுக் கழிப்பறையில் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் நிலவிய நாற்றத்தைப் பற்றி அவர் மிகுந்த பண்போடு எனக்குத் தெரிவித்தார். செப்டிக் டாங்குக்கு ஏற்றது என்று புட்டியிலேயே குறிப்பிட்டிருக்கும், என்சைம் அல்லது பாக்டீரியா அடிப்படையிலான மருந்தை வாங்குங்கள். வளாகத்தாரிடம் அதன் பெயரையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த மருந்து கலந்திருந்தாலும் தொட்டியை மண்ணில் கவிழ்க்கக் கூடாது.

தண்ணீரால் கழுவுவது பெட்டிக் கழிப்பறைக்கு ஒத்துவரும். ஒரு முறைக்குக் கூடுதலாக அரை லிட்டர் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பைக்கு அது ஒத்துவராது. பையிலுள்ள தூள் தாங்கும் ஈரத்துக்கு ஓர் எல்லை உண்டு. சிறுநீரோடு கழுவுநீரும் சேர்ந்தால் கூழாகாமல் நீராகவே தேங்கும். மேலே தங்கும் அந்த ஓர் இரவுக்குத் தாளைப் பயன்படுத்தி, அதையும் பைக்குள்ளேயே போட்டுவிடுவது நல்லது. ஈரத்துடைப்பான்களில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழைகள் கலந்திருப்பதால் அவற்றைப் பெட்டிக்குள் போடாதீர்கள். மாதவிடாய்ப் பஞ்சுகளும் அப்படியே. இவற்றுக்கெனத் தனியாக ஒரு ஜிப் பை வேண்டும்.

மறுமொழி: ஓடக்காரர்

கைகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. முகாம்களில் வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரைக் குறை சொல்வது வழக்கம். நான் பார்த்தவரையில் சமைத்தவரின் கைதான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது. ஆல்கஹால் கலந்த கைத்திரவம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸை நம்பும்படி அழிப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணியின் முன் அது முற்றிலும் பயனற்றது. கழிப்பறைக்கு வெளியே, திருகு வைத்த தண்ணீர்க் கேனையும் சோப்பையும் கையை வைக்கும் உயரத்தில் வைத்துவிடுங்கள். கைகழுவிய நீர் ஏரிக்குள் போகாதபடி கரையிலிருந்து 60 மீட்டர், அதாவது எழுபது காலடி, தள்ளியே எல்லாம் நடக்கட்டும். எளிதில் மக்கும் சோப்பு என்று உறையில் எழுதியிருந்தாலும் அது மக்குவது மண்ணில்தான்.

மறுமொழி: முகடு

பெட்டி நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். கீழேயுள்ள காட்டில் கருமண் இருக்கிறது என்றால், புதைப்பதற்குத் தடை இல்லாத பட்சத்தில், அதே எழுபது காலடித் தொலைவில், ஒருவருக்கு ஒரு குழி என்ற கணக்கில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டலாம். அதைவிட ஆழமாகப் போனால் நுண்ணுயிர்கள் குறைந்துவிடும். ஒரே மூலையில் எட்டுப் பேரும் தோண்டாதீர்கள். தாளைப் புதைக்கவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். அதைக் கொளுத்தப் போய்க் காடு பற்றிக்கொண்ட நிகழ்ச்சிகள் உண்டு. சென்ற ஆண்டு நீங்கள் புதரில் பார்த்ததும் தாள்தானே.

கேள்வி கேட்டவர்: கூடாரவாசி

முடிவை எழுதிவிடுகிறேன். இருபது லிட்டர் பெட்டி ஒன்றும், அதற்குப் பொருந்தும் உபரிக் கழிவுத் தொட்டி இரண்டும் வாங்குகிறோம். வளாகத்தார் ஏற்றுக்கொண்ட மருந்தையே பயன்படுத்துவோம். சிறுநீருக்கு ஏரியிலிருந்து தள்ளி ஓரிடம் குறித்துவிடுவோம். தாயார் மட்டும் இரண்டுக்கும் பெட்டியையே பயன்படுத்துவார். மேலே செல்லும் ஐவருக்கும் சேர்த்துப் பதினைந்து பைகள் வாங்கியாகிவிட்டது. தொட்டியைத் தூக்கப்போவது யார் என்ற கேள்வியைக் குழுவில் நேற்று முன்வைத்தேன். இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை.