உதவி தேவை: 1936-ன் ஜெர்மன் 01 வகை நீராவி இன்ஜின் மாடல், நிறமும் எண்ணும் குழப்புகின்றன

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பழைய பொருள் சந்தையில் ஹெச்ஓ அளவில் (1:87) ஜெர்மன் 01 வகை விரைவு இன்ஜின் மாடல் ஒன்று வாங்கினேன். ஓட்டம் அருமை. இதை 1936-ல் இருந்த கோலத்துக்கு மாற்ற ஆசை. மூன்று இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

ஒரு பழைய தொழிற்சாலைப் படத்தில் இதே வகை இன்ஜின் முழுக்க வெளிர் சாம்பல் நிறத்தில், வெள்ளைக் கோடுகளோடு நிற்கிறது. அப்படியே அடிக்கலாமா? ஓட்டத்தில் எடுத்த வேறு படங்களிலோ சக்கரங்கள் கொதிகலனைப் போலவே கறுப்பாகத் தெரிகின்றன. அப்படியானால் என் மாடலில் இருக்கும் சிவப்புச் சக்கரம் பிற்காலத்தில் வந்ததா?

அடுத்தது எண். மாடலில் 001 150-2 என்று அச்சிட்டிருக்கிறது. இந்த வகையில் முதலில் வந்தவற்றுள் ஒன்றான 01 008-ன் டெக்கால் (ஒட்டும் எண் அச்சு) கையில் இருக்கிறது. அதை ஒட்டினால் போதுமா?

பதில் 1

தயவுசெய்து சாம்பல் அடிக்காதீர்கள். அது படத்துக்காக அடித்த பூச்சு. பளபளக்கும் கறுப்பில் குழாய்களும் ஆணிகளும் படத்தில் தெளிவாக விழாது என்பதால், தொழிற்சாலைகள் மங்கலான சாம்பல் அடித்துப் படமெடுத்தன. அப்புறம் கறுப்பு அடித்துத்தான் வேலைக்கு அனுப்பினார்கள். சாம்பலோடே ஓடியவை வேறு: 1942 முதல் வந்த 52 வகை போர்க்கால இன்ஜின்கள்.

சிவப்பு அப்போதே உண்டு. சட்டமும் சக்கரங்களும் சிவப்பு, மேல்பகுதி கறுப்பு. அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோக்ரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அதனால் சிவப்பு, படத்தில் கறுப்பாக விழும். கறுப்பு வெள்ளைப் படத்தை வடிவத்துக்கு நம்புங்கள், நிறத்துக்கு நம்பாதீர்கள். நானே ஒரு முறை அப்படி நம்பி முழு இன்ஜினையும் கறுப்பாக்கி, மறுபடி எல்லாவற்றையும் பிரித்து வேலை செய்தேன்.

பதில் 2

எண் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. 01 008-ஐ ஒட்டாதீர்கள்.

இந்த வகையின் முன்சக்கரங்கள் தொடக்கத்தில் 850 மி.மீ. விட்டம் கொண்டவை. 01 102-லிருந்து அவை 1000 மி.மீ. ஆயின, பிரேக்கும் வலுவானது, அதிகபட்ச வேகம் மணிக்கு 120-லிருந்து 130 கி.மீ. ஆனது. உங்கள் அளவில் 850 என்பது 9.8 மி.மீ., 1000 என்பது 11.5 மி.மீ. வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஃபிளேஞ்சை (சக்கரத்தின் உள்விளிம்பில் துருத்தும் வளையத்தை) சேர்க்காமல் தண்டவாளத்தில் உருளும் பரப்பை மட்டும் அளக்கவும், மாடல்களில் ஃபிளேஞ்சு எப்போதுமே பெரிதாக இருக்கும்.

அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். 001 என்று மூன்று இலக்கத்தில் தொடங்குவது 1968 ஜனவரி 1 முதல் மேற்கு ஜெர்மன் ரயில்வே கொண்டுவந்த கணினி எண். கடைசி 2 சரிபார்ப்பு இலக்கம். 001150-ன் ஒவ்வொரு இலக்கத்தையும் 1, 2, 1, 2, 1, 2 என்று மாறிமாறிப் பெருக்குங்கள்: 0, 0, 1, 2, 5, 0. கூட்டினால் 8, அடுத்த பத்துக்கு 2 குறைகிறது. பெருக்கலில் இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைத் தனித்தனியாகக் கூட்டவேண்டும். டெக்கால் தாள் வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டால் அச்சுப்பிழை அங்கேயே பிடிபடும்.

ஆக உங்களிடம் இருப்பது 01 150-ன் முதுமைக்காலம். அது காசெலின் ஹென்ஷெல் தொழிற்சாலையில் 1935-ல் பிறந்தது, 1936-ல் புத்தம் புதிது! வேறு எண் எதற்கு? அதே இன்ஜினை இளமைக்குத் திருப்புங்கள்.

கேட்டவர்

அளந்தேன் அண்ணா, 11.4 வருகிறது. 01 150-ஐயே வைத்துக்கொள்கிறேன். இளமைக்குத் திருப்ப என்னென்ன மாற்றவேண்டும்?

பதில் 2

முதலில் புகைத்தகடுகள், அதாவது ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல் புகையை ஒதுக்கும் தகடுகள். புகைபோக்கிக்கு இருபக்கமும் மேலே மட்டும் சிறிதாக நிற்பவை விட்டே தகடுகள், 01 வகைக்கு அவை போருக்குப் பிந்தையவை. 1936-க்கு, கொதிகலனின் பக்கவாட்டில் ஓடும் நடைமேடைத் தகட்டிலிருந்தே உயர்ந்து நிற்கும் பெரிய வாக்னர் தகடுகள் வேண்டும். எச்சிங் செய்த பித்தளையில் கிடைத்தால் வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் தடிமன் கண்ணை உறுத்தும்.

புகைப்பெட்டிக் கதவுக்கு மேலே மூன்றாவது விளக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள், 1950-களின் பிற்பகுதியில் வந்தது அது. பஃபர் சட்டத்துக்கு மேலே புகைப்பெட்டி வரை ஏறும் சரிவுத் தகட்டைப் பிற்காலத்தில் பல இன்ஜின்களில் கழற்றினார்கள், உங்களுக்கு அது திரும்ப வேண்டும். கேபின் பக்கத்தில் ‘டாய்ச்ச ரைக்ஸ்பான்’, எண் 01 150 மட்டும். ‘டாய்ச்ச புண்டஸ்பான்’ 1949-ல் வந்த பெயர்.

பதில் 3

டெண்டரை (இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியை) விட்டுவிட்டீர்களே! டி 32 என்றால் 32 கனமீட்டர் தண்ணீர், ஆணி அடித்துக் கட்டியது. டி 34 பற்றவைத்தது, பக்கங்கள் மொழுமொழுவென்று இருக்கும். பணிமனையில் டெண்டர்களை இன்ஜினுக்கு இன்ஜின் மாற்றினார்கள், ஆகவே எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. தேதி போட்ட படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதற்காக இன்றைய 01 150-ன் படத்தைப் பார்த்துச் செய்யவேண்டாம். 2005-ல் நியூரெம்பெர்க் இன்ஜின் கொட்டகைத் தீயில் சேதமடைந்து, பின்னர் மைனிங்கன் நீராவி இன்ஜின் பணிமனையில் சீரமைத்த இன்ஜின் அது. அதில் பல காலங்கள் கலந்திருக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று இரவே மூன்றாவது விளக்கைக் கழற்றித் துளையை அடைக்கிறேன். டெண்டர் ஆணி அடித்ததுதான், படம் கிடைக்கும்வரை அதில் கை வைக்கமாட்டேன்.

பதில் 1

துளை அடைக்கும் புட்டி காய்ந்தால் சுருங்கும். ஒரு நாள் விட்டு இரண்டாம் முறை நிரப்பித் தேய்க்கவும். கதவின் கீல்கள் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அவை ஒருமுறை தேய்ந்துபோனால் திரும்பச் செய்வது பெரும்பாடு.