கிண்டல் செய்த டிரெண்டை மூன்றாம் நாள் நானே செய்தேன். ஏன்?

அரைத்தூக்கம்:
போன மாதம் எல்லாரும் தங்கள் போட்டோவை ஏஐ செயலியில் கொடுத்து கார்ட்டூனாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதை முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "வேற வேலையே இல்லையா உங்களுக்கு" என்று நண்பர்கள் குரூப்பில் எழுதியும் வைத்தேன். இரண்டாம் நாள் எங்கே தள்ளினாலும் அதே மாதிரி முகங்கள், அதே வண்ணம். மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு நானே உட்கார்ந்து என் போட்டோவை மாற்றிக்கொண்டிருந்தேன், அதுவும் வந்த படம் பிடிக்காமல் நான்கு தடவை. போட்டுவிட்டு எத்தனை லைக் என்று ஒரு மணி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, கேட்கக்கூட இல்லை. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது, அழிக்கவும் மனசு வரவில்லை. நான் கொஞ்சம் சொந்தப் புத்தி உள்ள ஆள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இது என்ன மாதிரி மனநிலை? உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பழைய பெட்டி:
சொந்தப் புத்தி எங்கேயும் போகவில்லை, கவலைப்படாதீர்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள், பாதிச் சுற்றுகளுக்கு மேல் வேண்டுமென்றே ஒரே தப்பான கோட்டைக் காட்டுவார்கள். அந்த ஒருவராக உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். (இந்தப் பாதியை மட்டும்தான் எல்லாரும் சொல்வார்கள். கூட்டம் தப்பாகச் சொன்ன சுற்றுகளிலும் அவர்களுடைய பதில்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சரியாகவே இருந்தது என்பதை அப்படியே விட்டுவிடுவார்கள்.)

உங்கள் விஷயத்துக்கு ஒட்டி வருவது அதற்கு அடுத்த கட்டம். கூட்டத்தில் வேறு ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், இவர் தப்பாகச் சொல்வது பெரும்பாலும் நின்றுவிடும். இப்போது உங்கள் ஃபீடை யோசித்துப் பாருங்கள். படத்தை மாற்றியவர் போஸ்ட் போடுகிறார். மாற்றாதவர் "நான் மாற்றவில்லை" என்று போஸ்ட் போடுவாரா? மாட்டார். அதனால் உங்களுக்குத் துணையாக இருக்கவேண்டிய அந்த ஒரு ஆள் கண்ணில் படவே மாட்டார். நூறு பேரில் இருபது பேர் செய்தாலும் எல்லாரும் செய்வதுபோல்தான் தெரியும்.

கட்டெறும்பு:
பெட்டி சார் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒத்துவருகிறது. கோட்டுக்குச் சரி, தப்பு உண்டு. கார்ட்டூன் முகத்துக்கு என்ன சரி, தப்பு? இது ரசனை, ரசனையில் நாம் இன்னும் சுலபமாக வளைவோம்.

2006இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்று மூன்று ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். யாருக்கும் தெரியாத 48 பாட்டுகள், கேட்க வந்தவர்கள் 14,000க்கும் மேல். சிலருக்கு வெறும் பாட்டுப் பட்டியல் மட்டும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை தடவை டவுன்லோட் ஆனது என்று காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் ஹிட் ஆனது இன்னும் பெரிய ஹிட் ஆனது, ஆனால் எது ஹிட் ஆகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதல் இடம், இன்னொன்றில் 40ஆவது இடம்! ரொம்ப மோசமானது மேலே வருவதும் ரொம்ப நல்லது அடியில் போவதும் அபூர்வம், நடுவில் இருப்பதெல்லாம் யார் முதலில் கிளிக் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அரைத்தூக்கம், உங்களுக்கு அந்தப் படம் பிடித்ததா என்ற கேள்விக்கே நீங்கள் போகவில்லை பாருங்கள். எண்ணிக்கையைப் பார்த்தீர்கள், மீதியை மனசு பார்த்துக்கொண்டது.

வெயில்நேரம்:
ஒரு மணி வரை லைக் எண்ணியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் சோதனைகளில் தீனி எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தியது. நீங்களும் கொத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நானும் தினம் கொத்துகிறேன்.

தூரத்து மணி:
எல்லாரும் ஏதோ நோயைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறீர்களே. 2014இல் ஒரு நோய்க்கு நிதி திரட்டத் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, அதுவும் இதே மந்தை புத்திதான். மூன்று பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடு, 24 மணி நேரம் கெடு என்று வைத்ததால்தான் பரவியது, ஏனென்றால் எல்லார் முன்னாலும் பேரைச் சொல்லிவிட்டால் நழுவ முடியாது. அமெரிக்காவின் ஏஎல்எஸ் (தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய்) சங்கத்துக்கு மட்டும் அந்தக் கோடையில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் பாதிப் பேருக்கு அது என்ன நோய் என்றே தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம், ஆனாலும் பணம் பணம்தானே.

கூச்சத்துக்கு வருவோம். ஜார்ஜ் சிம்மல் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் ஃபேஷனைப் பற்றி 1904லேயே எழுதிவிட்டார்: மனிதனுக்கு மற்றவர் மாதிரி இருக்கவும் வேண்டும், மற்றவரிடமிருந்து தனித்துத் தெரியவும் வேண்டும். டிரெண்ட் பாதி வழியில் இருக்கும்போது இரண்டும் கிடைக்கும். எல்லாரும் செய்து முடித்ததும் இரண்டாவது போய்விடும், அப்போது கையில் மிச்சம் இருப்பது ஒரு கார்ட்டூன் முகம். நீங்கள் மூன்றாம் நாள் ஏறினீர்கள், அதாவது வண்டி கிட்டத்தட்ட நிற்கப்போகும் நேரத்தில். முதல் நாளே செய்திருந்தால் இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது என்பேன். அழிக்காதீர்கள், இருக்கட்டும்.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. பெட்டி சார் சொன்னதைப் படித்ததும் குரூப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 பேர், படம் போட்டது என்னையும் சேர்த்து 6 பேர்! "எல்லாரும்" போட்டார்கள் என்றுதானே மேலே எழுதியிருந்தேன். போடாதவர்களில் ஒருவனிடம் ஏன் போடவில்லை என்று கேட்டேன். படம் மாற்றித் தயாராக வைத்திருந்தானாம், முதல் நாள் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டானாம். "அப்புறம் நீயே போட்டியே, அது என்ன கணக்கு?" என்று கேட்டிருக்கிறான். ரெண்டு நாளாக அந்த மெசேஜ் அப்படியே கிடக்கிறது.