வேலூர்ப் பக்கம் கொரியர் ஆப்புல பார்சல் அனுப்புறவங்க அனுபவம்: பெட்டி அளவு, விலாசம், ரிட்டர்ன்

ஆம்பூர், ஷூ வியாபாரம்

ஆப்புல ரேட் பார்க்கும்போது தராசு காட்டுற எடையை மட்டும் போடாதீங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வர்றது வால்யூமெட்ரிக் எடை. இதுவா, நிஜ எடையா, எது அதிகமோ அதுக்குத்தான் பில். அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கு ஏத்திடுவாங்க.

ஒரு ஜோடி ஷூ பெட்டி 34 × 22 × 13. பெருக்கினா 9724, வகுத்தா 1.94. தராசுல 1.1 கிலோதான், பில் 2 கிலோவுக்கு. அடிபடக் கூடாதுன்னு இன்னொரு அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சீங்கன்னா 36 × 24 × 15. வகுத்தா 2.59, பில் 3 கிலோ. சுத்தி ஒரு சென்டிமீட்டர் காத்துக்கு ஒரு கிலோ காசு தண்டம். வெளிப்பெட்டி வேணாம். ஷூவுக்குள்ள காகிதத்தை நல்லா அடைங்க. பெட்டிக்குள்ள நாலு மூலையிலயும் மடிச்ச அட்டைத் துண்டை நிறுத்துங்க. மேல கொரியர் கவர் போட்டு இறுக்கி ஒட்டுங்க. கவர் தொளதொளன்னு இருந்தா ஹப்புல (பார்சலைப் பிரிச்சு அனுப்புற கிடங்குல) அளக்குற மெஷின் அந்தத் தொங்கலையும் சேர்த்து அளந்துடும்.

வகுக்குற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 4000-ன்னா வெளிப்பெட்டி இல்லாத அதே ஷூ பெட்டி 2.43, பில் 2.5 கிலோவுக்கு. கிலோ ரேட்டு மலிவா தெரிஞ்சா முதல்ல இந்த எண்ணைக் கேளுங்க.

ராணிப்பேட்டை, பெல்ட், பர்ஸ்

பெல்ட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. சுருட்டி 12 × 12 × 5 பெட்டியில வெச்சா கணக்கு 0.14-தான் வரும். ஆனா பில் போடுற குறைஞ்ச எடையே அரைக் கிலோ. அதனால ரெண்டு பெல்ட் சேர்த்து அனுப்பினாலும் அதே கொரியர் காசுதான். ‘ரெண்டு எடுத்தா டெலிவரி ஃப்ரீ’ன்னு போட இது தாராளமா இடம் கொடுக்கும்.

நாம போட்டதை விட எடை அதிகம்னு கொரியர்காரங்க தகராறு பண்ணா போட்டோதான் பேசும். லேபிள் ஒட்டின பிறகு, ஏடபிள்யூபி எண் (பார்சலோட டிராக்கிங் எண்) தெரியுற மாதிரி தராசு மேல ஒன்னு, டேப் வெச்சு நீளம், அகலம், உயரத்துக்கு ஒவ்வொன்னு, மொத்தம் நாலு படம். ஆட்சேபம் போட சில நாள்தான் கெடு, விட்டா ஆப்புல நாம போட்டு வெச்ச பணத்துல (வாலெட்) இருந்து தானா கழிஞ்சுடும். வாரத்துல ரெண்டு தடவை ஆப்புல எடை தகராறு பக்கத்தைத் திறந்து பாருங்க.

வேலூர், ஆயத்த ஆடை

விலாசம்தான் இங்க பெரிய ஓட்டை. 2019 நவம்பர்ல மாவட்டம் மூணா பிரிஞ்சது. ஆம்பூர், வாணியம்பாடி இப்ப திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். ஜனங்க இன்னும் ‘வேலூர் மாவட்டம்’னுதான் எழுதுறாங்க. மாவட்டப் பேரை நம்பாதீங்க, பின்கோடைச் சரிபாருங்க: ஆம்பூர் 635802, ஆற்காடு 632503, காட்பாடி 632007, சத்துவாச்சாரி 632009. சத்துவாச்சாரின்னா குடியிருப்புல எந்த ஃபேஸ்னு (எந்தப் பகுதின்னு) கேட்டு வாங்குங்க. அது இல்லாம வீட்டு எண்ணும் தெரு எண்ணும் மட்டும் இருந்தா டெலிவரி பையன் சுத்திக்கிட்டே இருப்பான்.

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்ல தங்குறவங்களுக்கு அனுப்பினா மூணு விஷயம் முதல்லயே கேளுங்க: ரூம் எண், லாட்ஜ் ரிசப்ஷன் நம்பர், காலி பண்ற தேதி. வங்காளம், ஜார்க்கண்ட்ல இருந்து வைத்தியத்துக்கு வந்தவங்க நிறைய. பையன் தமிழ்ல பேசுவான், அவங்களுக்குப் புரியாம கட் பண்ணுவாங்க, ‘கஸ்டமர் எடுக்கலை’ன்னு ரிமார்க் விழுந்துடும். ரிசப்ஷன் நம்பரை ரெண்டாவது நம்பரா ஏத்தினா இது பெருசா குறையும். காலி பண்ற தேதிக்கு ரெண்டு நாள்தான் இருக்குன்னா ஆர்டரை அவங்க ஊர் விலாசத்துக்கே மாத்தச் சொல்லுங்க.

தபால் துறை 2025-ல கொண்டு வந்த டிஜிபின் (இடத்தைக் காட்டுற டிஜிட்டல் விலாசக் குறியீடு, 10 எழுத்து, சுமார் 4 மீட்டர் கட்டம்) நல்ல யோசனைதான். ஆனா பையன்களுக்கு இன்னும் பழகலை. வாட்ஸ்அப் லொகேஷன்தான் ஓடுது.

குடியாத்தம், லுங்கி

சிஓடி (பார்சலை வாங்கும்போது காசு) ரிட்டர்ன் பத்தி. ஆப்புல ஆர்டிஓன்னு வந்தா லைசென்ஸ் ஆபீஸ் இல்லீங்க, பார்சல் திரும்பி வர்றது. போக 70, வர 60-ன்னு வெச்சா ஒரு ரிட்டர்னுக்கு 130 போச்சு. 300 ரூபா லுங்கியில 50 நிக்குதுன்னா, மூணு டெலிவரி லாபத்தைச் சேர்த்தாதான் ஒரு ரிட்டர்ன் அடையும். அதனால யூபிஐல 100 ரூபா முன்பணம், மீதி சிஓடி. கட்டினவன் பெரும்பாலும் வாங்கிடுவான். டெலிவரி ஆகலைன்னு ஆப்புல தகவல் (என்டிஆர்) வந்தா அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கஸ்டமரைக் கூப்பிட்டு, புது நேரமோ அடையாளமோ ஆப்புல ஏத்துங்க. வழக்கமா மூணு முயற்சிதான், நாம பேசாம இருந்தா மூணும் அதே பூட்டின வீட்டுக்கே போகும்.

இன்னொன்னு, நம்ம ஊரு தீப்பெட்டியை ‘சாம்பிள்தானே’ன்னு பார்சலுக்குள்ள சொருகாதீங்க. எரியுற பொருள், எந்தக் கொரியர்லயும் தடை.

ஆற்காடு, மக்கன் பேடா

பாகை வடிச்சுட்டு அனுப்புங்க. டப்பா மூடியைச் சுத்தி டேப், டப்பாவை ஜிப் கவர்ல, அதுக்கு மேலதான் பெட்டி. லேபிளை மேல்மூடியில ஒட்டாம பக்கவாட்டுல ஒட்டுங்க. பாகு கசிஞ்சு பார்கோடு ஊறினா ஸ்கேன் ஆகாம ஹப்புலயே கிடக்கும். சித்திரை, வைகாசி வெயில்ல சனிக்கிழமை பிக்கப் போடவே கூடாது. ஞாயிறு முழுக்க ஷெட்ல வெந்துடும்.

வேலூர், வீட்டுச் சாப்பாடு, கேக்

உள்ளூருக்கு ஆப் கமிஷன் கட்டாம சொந்த வண்டியில போடுறவங்களுக்கு: கூகுள் மேப்ஸ்ல ஒரே பயணத்துல பல இடம் சேர்க்கலாம், ஆனா வரிசையை அது மாத்தித் தராது, நாமதான் அடுக்கணும். பாகாயம், தொரப்பாடியை முதல்ல முடிச்சு, சிஎம்சி பக்கம் வந்து, கடைசியா பாலாறு தாண்டி காந்திநகர், காட்பாடி. பாலத்தை ஒரு தடவைதான் தாண்டணும். ஸ்கூல் விடுற நேரத்துல கிரீன் சர்க்கிள்ல மாட்டினா க்ரீம் கேக் கதை முடிஞ்சது. பையனை வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்குப் போடச் சொல்லுங்க, கஸ்டமர் ‘எங்க இருக்காங்க’ன்னு கேட்கும்போது வண்டி ஓட்டுறவனைக் கூப்பிட வேண்டியதில்லை.