தாயகம் திரும்பியோருக்கு நீலகிரியில் இன்னும் பாகுபாடு இருக்கிறதா?

கோத்தகிரி மைந்தன்:
சிலோன் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர்களை ஒதுக்குகிறோம் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்களுக்காகவே அரசு 1968ல் தேயிலைத் தோட்டம் போட்டது. 1976ல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. வேலை கொடுத்தார்கள், லைன் வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு, கொடுத்தார்கள். இங்கேயே பிறந்த ஏழைக்கு யார் அப்படிக் கொடுத்தார்கள்?

சேரம்பாடி செல்வி:
தம்பி, கொடுத்ததைச் சொல்கிறீர்கள், பறித்ததையும் சொல்லுங்கள். 1948ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடமே ஓட்டும் போனது. 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடு மாதிரி எண்ணிப் பிரித்தபோது அந்த மக்களின் தலைவர்களைக்கூடக் கேட்கவில்லை. என் பெற்றோர் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள், இந்தியக் குடிமக்களாக. அங்கேயும் லைன், இங்கேயும் லைன். காலமெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவார்கள்?

கோத்தகிரி மைந்தன்:
அக்கா, தனியார் எஸ்டேட்டிலும் இதே கதைதான். இது கூலிக்காரர் பிரச்சினை. பிறப்பை எதற்கு இதில் இழுக்க வேண்டும்? பச்சைத் தேயிலை விலை விழுந்தால் எங்கள் சிறு விவசாயியும்தான் கடனில் மூழ்குகிறான்.

சேரம்பாடி செல்வி:
வீடு கூலிக்காரர் பிரச்சினை, சரி. சாதிச் சான்றிதழ்? உள்ளூர்ப் பிள்ளை தாத்தாவின் ஊரைக் காட்டும். எங்கள் முன்னோர் வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, சேலம் பக்கமிருந்து போனவர்கள். அந்த ஊரில் எங்களுக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? தாயகம் திரும்பியபோது அப்பாவுக்குக் கொடுத்த ஃபேமிலி கார்டை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் நாள்கணக்கில் நின்றேன். சான்றிதழ் வருவதற்குள் என் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. இங்கேயே பிறந்த அவளைப் பள்ளியில் 'அகதி' என்று கூப்பிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் "சிலோன் ஆளுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். இது கூலியால் வந்ததா, பிறப்பால் வந்ததா?

கூடலூர் வாசி:
இரண்டு பேரும் இங்குள்ள பழங்குடிகளான பணியரையும் காட்டுநாயக்கரையும் மறந்துவிட்டீர்கள். கூடலூர் நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, இருந்தபோது பணியர் கொத்தடிமையாகக் கிடந்தார்கள். 1969ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பிரிவு 17ல் வரும் குத்தகை நிலம் மட்டும் வழக்கிலேயே கிடக்கிறது. அதில் கேரளத்துக் குடியேறிகளும் இருக்கிறார்கள், தாயகம் திரும்பியோரும் இருக்கிறார்கள். பட்டா இல்லை, பல வீடுகளுக்குக் கரண்டும் இல்லை. பட்டா கேட்டுக் குரல் கொடுக்கவாவது உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. காட்டை இழந்த பணியருக்காக யார் பேசுகிறார்கள்?

சேரம்பாடி செல்வி:
உண்மைதான் அண்ணா. டான்டீக்காக வெட்டியதும் காடுதான். வெட்டச் சொன்னது அரசு, வெட்டியது எங்கள் ஆட்கள். பணியருக்கு நிலம் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் வறுமையைக் காட்டி எங்கள் வாயை மூடச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

கோத்தகிரி மைந்தன்:
சான்றிதழ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டு விஷயத்தில் நான் மாறவில்லை. டான்டீ தொழிலாளிக்கு மட்டும் சொந்த வீடு என்றால் தனியார் தோட்டத்துக்காரன் என்ன பாவம் செய்தான்?

சேரம்பாடி செல்வி:
அவனுக்கும் கேளுங்கள் தம்பி, நானும் கையெழுத்துப் போடுகிறேன். கூடலூர் அண்ணா, அடுத்த மனுநீதி நாளுக்கு உங்கள் பக்கத்துப் பணியர் குடும்பங்களும் வருவார்களா? எங்கள் லைனிலிருந்து வண்டி பிடித்து வருகிறோம், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.